ஊருணிக் கரை கற்பித்த பாடம்

(பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

நமது கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு வியாசம் வரைந்தனுப்ப வேண்டுமென்று அதன் ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதியபொழுது யான் சிறிது தயங்கினேன். கம்பரைப்பற்றியும் சேக்கிழாரைப்பற்றியும் எழுதவல்ல புலவர் பலர் இப்பக்கங்களை அலங்கரித்திருக்கின்றனர். என் தொழிலோ மண்ணும் நீரும். ஏரிக்கரைகளின்மீது நடந்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவன் இலக்கியத்தைப்பற்றி என்ன சொல்லக்கூடும்? எனினும் மண்ணினிடத்தும் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனை யான் கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. பெருமை தராதவற்றையும் இளைஞர்க்குச் சொல்லிவைத்தல் முதியோர் கடன் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் முன்னோர் ஊர் இராமநாதபுரம் சீமையில் உள்ள ஒரு சிற்றூர். அப்பக்கத்து ஊர்களில் பயிருக்குக் கண்மாயும் குடிப்பதற்கு ஊருணியும் உண்டு. ஊரார் உண்ணும் நீரையுடையது ஊருணி. பேரறிவாளனுடைய செல்வத்துக்குத் திருவள்ளுவர் இதனையே உவமையாகக் கூறினார் என்பதைத் தமிழ் மாணவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. எங்கள் ஊருணியில் ஒருவரும் கால் கழுவார், ஆடுமாடுகளை அண்டவிடார். மூன்று பக்கங்களில் இயற்கையான மேட்டு நிலமும், கிழக்கே களிமண்ணால் உயர்த்திய கரையும் அதற்கு எல்லைகளாக இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் நீர் அடுத்த கோடைவரையில் ஊரைக் காப்பாற்றும்.

யான் இக்கலாசாலையில் புகுமுக வகுப்பில் தேறி, பின்னர்ப் பொறியியல் பயின்று, 1976-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று வெளிவந்தேன். மறு வருஷத்துத் தை மாதத்தில் ஊருக்குச் சென்றிருந்தபொழுது, ஊருணியைத் தூர்வாரிக் கரையைப் புதுப்பிப்பதற்குச் சர்க்கார் பணம் கிடைத்திருப்பதாக ஊரார் சொன்னார்கள். ஆனால் அப்பணத்தை மார்ச்சு மாதம் முடிவதற்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டவேண்டும். இல்லையேல் திரும்பிப் போய்விடும். படித்த பிள்ளை ஒருவன் ஊரில் இருக்கும்போது வேறொருவரைத் தேடுவானேன் என்று சொல்லி, வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்புவித்தார்கள். எனக்கு வயது அப்போது இருபத்துமூன்று. ஊருணியிலோ பத்தடி நீர் நின்றது.

ஊரில் மடைக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்மாயின் மடைகளைத் திறப்பதும் அடைப்பதும், மழைக்காலத்தில் இரவெல்லாம் கரைமேல் நடந்து காவல் புரிவதும் அவர் குடும்பத்தார் பரம்பரையாகச் செய்துவந்த தொழில். அவர் எழுத்தறியாதவர். யான் ஆயில் எஞ்சின்கள் இரண்டைக் கொணர்ந்து நீரை நான்கே நாளில் இறைத்துவிடப் போகிறேன் என்று கேள்வியுற்று என்னிடம் வந்தார்.

"தம்பி, தை, மாசி, பங்குனி, சித்திரையென்று தண்ணீர் தானே இறங்கும். வைகாசியிலேதான் தரை தெரியும். அதற்கப்புறம் பத்து நாள் விட்டுத்தான் எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மண்வெட்டியை இறக்குகிறது. தண்ணீர் இறங்கினால் போதாது, கரை குடித்த தண்ணீரைக் கரை கக்கவேண்டும்" என்றார்.

"பெரியவரே, வைகாசி வரையில் பணம் காத்திருக்காது. தண்ணீர் நின்றால்தானே கரைக்கு ஆபத்து? தண்ணீரே இல்லாத குளத்துக் கரை எப்படி உடையும்?" என்றேன்.

அவர் மறுமொழி கூறாமல் போய்விட்டார். யான் வாதில் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

எஞ்சின்கள் நான்கு நாள் இரவும் பகலும் ஓடின. நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரையடி வீதம் நீர் இறங்கிற்று. நான்காம் நாள் மாலையில் அடிச்சேறு வெளிப்பட்டது. அப்பொழுது கரையின் உட்சரிவு முழுவதும் வேர்த்ததுபோல் பளபளத்தது. ஆங்காங்கே சிறு ஊற்றுக்களும் கசிந்தன. வெயில் பட்டால் உலர்ந்துபோம் என்று யான் அதனைப் பொருட்படுத்தவில்லை. வெளியூரிலிருந்து வந்த மண்வேலைக் குடும்பங்கள் ஐந்தாம் நாள் வேலை தொடங்கின. சுமக்கும் தூரம் குறையட்டுமென்று கரையின் அடியிலிருந்தே வெட்டச் சொன்னேன். வெட்டிய மண்ணைக் கரையின் உச்சியில் குவிக்கச் சொன்னேன். அக்குடும்பத்தார் கரையடியில், நிழலுள்ள இடமாகப் பார்த்து, ஓலைக் குடிசைகள் கட்டிக்கொண்டார்கள்.

மடைக்காரப் பெரியவர் மறுபடியும் வந்தார். "அடியை வெட்டித் தலையிலே பாரம் ஏற்றுகிறீர்களே, தம்பி!" என்று மட்டும் சொன்னார்.

ஆறாம் நாள் மாலை, கரையின் உச்சியில் நீளவாக்கில் ஒரு வெடிப்புக் கண்டது. அதன் அகலம் கட்டைவிரல் அளவுகூட இராது. பெரியவர் வெடிப்பின் இருபுறத்தும் ஒவ்வொரு குச்சியை நாட்டி, இரண்டுக்கும் இடையே சரியாகப் பொருந்துமாறு ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்து வைத்துக்கொண்டார். இரண்டு நாழிகை கழித்து அளந்தபொழுது ஈர்க்கு எட்டவில்லை. உடனே என்னிடம் ஓடிவந்து, கரையடியில் உள்ளவர்களை அப்புறப்படுத்த உத்தரவு கொடுக்கவேண்டுமென்றார். யான் அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "காலையில் பார்த்துக்கொள்வோம்" என்றேன்.

அவர் என் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. தாமே சென்று, உறங்கத் தொடங்கியிருந்த குழந்தைகளைத் தோளில் தூக்கி, ஒன்பது குடும்பங்களையும் சாவடியில் கொண்டுசேர்த்தார். நடுநிசிக்குப்பின் வண்டியிலிருந்து பொதி மூட்டைகளைத் தள்ளினாற்போன்ற ஓசை கேட்டது. பொழுது விடிந்து பார்த்தபொழுது எழுபதடி நீளமுள்ள கரை ஊருணிக்குள் சரிந்து கிடந்தது. குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை.

இதனை எழுதும்பொழுது இன்றும் என் கை நடுங்குகின்றது. ஓர் உயிரும் சேதமடையாமற்போனது என் படிப்பினால் அன்று. அவ்வருஷம் பெய்த மழைநீர் சரிந்த பக்கமாகவே வெளியேறிற்று. எஞ்சி நின்ற நீரும் கலங்கற் சேறாயிற்று. ஊர்ப் பெண்டிர் ஓராண்டுக் காலம் அயலூர்க் கிணற்றுக்கு இரண்டு மைல் நடந்து சென்று நீர் கொண்டுவந்தனர். அவர்களுள் என் அத்தையும் ஒருத்தி. அவள் என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. யான் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் முதலில் ஒரு செம்பு நீரை என் கையில் கொடுப்பாள். அந்நீரை யான் எவ்வாறு பருகினேன் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நீர் நிறைந்திருந்தபோது நின்ற கரை, நீர் நீங்கியபின் விழுந்ததேன்? இக்கேள்வியே என்னை மீண்டும் நூல்களிடத்துச் செலுத்திற்று. இதற்கு விடை கண்ட அறிஞர் ஆஸ்திரியா தேசத்தவரான கார்ல் தெர்சாகி என்பவர். அவர் மண்ணைப்பற்றிய தம் சிறந்த சோதனைகள் பலவற்றை ஒரு கலாசாலையிலேயே செய்தார் என்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். இஸ்தான்புல் நகரத்தில் கிறிஸ்தோபர் ராபர்ட் என்னும் அமெரிக்க வணிகரும் சைரஸ் ஹாம்லின் என்னும் மிஷனரியும் 1863-ஆம் ஆண்டில் நிறுவிய ராபர்ட் கலாசாலை அது. தெர்சாகி அங்கே 1918 முதல் 1925 வரையில் ஆசிரியராக இருந்து, எளிய கருவிகளைத் தாமே அமைத்து, களிமண்ணை அழுத்தியும் நனைத்தும் ஆராய்ந்தார். 1925-ஆம் ஆண்டில் வியன்னாவில் வெளியான அவருடைய ஜெர்மன் நூல் மண்ணியக்கவியல் என்னும் சாஸ்திரத்துக்கு அடிப்படையாயிற்று.

அவர் கண்ட உண்மையை எளிதாகக் கூறலாம். மண் என்பது துகள்களும் அவற்றின் இடைவெளிகளும் சேர்ந்தது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றியிருப்பதால்தான் மண்ணுக்கு வலிமை உண்டாகிறது. இடைவெளிகளில் நிறைந்துள்ள நீர், மேலுள்ள பாரத்தின் ஒரு பகுதியைத் தான் தாங்கிக்கொள்ளும். நீர் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்குத் துகள்களின் பிடி தளரும். ஆதலின் கரையின் வலிமையை அறிய வேண்டுமாயின், வெளியே நிற்கும் நீரை மாத்திரம் பார்த்தல் போதாது. உள்ளே நிற்கும் நீரையும் கணக்கிடவேண்டும்.

குளம் நிறைந்திருக்கும்போது வெளிநீர் கரையின் உட்சரிவைத் தன் பாரத்தால் அழுத்தி அணைத்து நிற்கிறது. இருவர் தோளோடு தோள் சாய்ந்து நிற்பதுபோல் கரையும் நீரும் நிற்கின்றன. அவ்விருவருள் ஒருவர் திடீரென விலகினால் மற்றவர் கதி என்னாகும்? வெளிநீர் சில நாட்களில் நீங்கிவிடுகிறது. களிமண்ணினுள் புகுந்த நீரோ அவ்வளவு விரைவில் வெளிவர இயலாது. தோய்த்த ஜமக்காளத்தைக் கொடியில் இட்டால், தொட்டியைக் கவிழ்த்த பின்னும் நெடுநேரம் அதன் விளிம்பில் நீர் சொட்டுகிறதன்றோ? அணைத்து நின்ற வெளிநீர் நீங்கிற்று. உள்நீரின் அழுத்தமும் நனைந்த மண்ணின் பாரமும் நீங்கவில்லை. அந்நிலையில் உட்சரிவு ஊருணியின் பக்கமாகவே வழுக்கி விழுகிறது. பரும்மணலாலாகிய கரை நீரை உடனுக்குடன் விட்டுவிடுமாதலால் அதற்கு இந்த அபாயம் குறைவு. எங்கள் கரையோ களிமண். கரை குடித்ததைக் கரை கக்கவேண்டும் என்று எழுத்தறியாத பெரியவர் கூறியதும், தெர்சாகி தம் நூலில் நிறுவியதும் ஒன்றே.

நாலாண்டுக் கல்வியுடைய சிறுவன் ஒருவன் மட்டுமே இத்தகைய பிழை செய்தான் என்று எண்ணற்க. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீருக்காக அமைந்த பிலார்சிடோஸ் என்னும் மண்ணணையில், 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 7 முதல் நவம்பர் 19 வரையில் நீர்மட்டம் 35 அடி இறக்கப்பட்டது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஓரடியும் ஆகவில்லை. எனினும் அதன் உட்சரிவு சரிந்தது. அதே மாகாணத்தில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உதவுகின்ற சான் லூயிஸ் அணை 1967-ஆம் ஆண்டில் முடிவுற்றது. உயரம் 382 அடி. அது ஆண்டுதோறும் நிறைந்தும் குறைந்தும் 14 வருஷங்கள் அசையாமல் நின்றது. 1981-ஆம் ஆண்டில் 120 நாட்களில் 180 அடி நீர் இறங்கியபின், செப்டம்பர் மாதத்தில் அதன் உட்சரிவில் பெரியதொரு பகுதி பெயர்ந்தது. அணையின் ஒரு பகுதிக்கு அடியில் பழைய களிமண் படிவு விடப்பட்டிருந்தது. உலர்ந்தபோது கல்லைப்போல் உறுதியாயிருந்த அப்படிவு, நனைந்தபின் வலிவிழந்தது. பின்னர்ச் சரிவின் அடியில் பெரும் மண்மேடு அமைத்து அதனைத் தாங்கச் செய்தார்கள். பதினான்கு ஆண்டு நின்றது என்பது பதினைந்தாம் ஆண்டும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

இனி, நன்றாகச் செய்த வேலை ஒன்றையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் வசிக்கும் என் மகளைக் காணச் சென்றிருந்தேன். அப்போது மலைப்பாதையொன்றின் வழியே கலவேராஸ் நீர்த்தேக்கத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தது. அந்த அணையின் சரித்திரம் நெடியது. 1913-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. மண்ணை நீரோடு கலந்து பாய்ச்சிப் படியவைக்கும் முறையால் கரையை எழுப்பினார்கள். 1918-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் தேதி, முடிவுறாத அக்கரையின் நீர்ப்புறச் சரிவு திடீரெனக் குழம்பாகிப் பாய்ந்தது. அங்கும் உள்ளே அகப்பட்ட நீரே காரணம். மறுபடியும் கட்டி 1925-ஆம் ஆண்டில் முடித்தபொழுது உலகத்து மண்ணணைகளுள் அதுவே மிக உயர்ந்தது என்று போற்றப்பட்டது.

ஆனால் அணைக்கு மிக அருகே பூகம்பத்துக்குக் காரணமான நிலப்பிளவு ஒன்று செல்கின்றது. பெரிய நில அதிர்ச்சியைப் பழைய கரை தாங்காது என்று கண்டு, 2001-ஆம் ஆண்டில் நீரைக் கொள்ளளவின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே இறக்கி வைக்குமாறு அம்மாகாண அணைப் பாதுகாப்புத் துறையினர் பணித்தனர். அதன்பின் அவர்கள் பழைய கரையை உடனே இடித்துவிடவில்லை. குறைந்த நீரைப் பழைய கரையே தாங்கி நிற்க, அதன் கீழ்ப்புறத்தில் புதிய கரையை எழுப்பினார்கள். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலையின் இடையே, அணை சேரும் மலைச்சரிவில் பண்டைக்காலத்து நிலச்சரிவுகள் மறைந்திருப்பது தெரிந்தது. அவர்கள் காலக்கணக்கை நீட்டிக்கொண்டு, அம்மண்ணை அகழ்ந்து அப்புறப்படுத்தினர். 220 அடி உயரமுள்ள புதிய கரை 2018-ஆம் ஆண்டில் உச்சியை எட்டிற்று. 2019-ஆம் ஆண்டில் வேலை நிறைவேறிற்று. அத்தேக்கத்தின் கொள்ளளவு 3100 கோடி கேலன். நீரை இறக்கியது முதல் புதுக்கரை முடிந்தது வரையில் 18 ஆண்டுகள்! பாதையோரத்தில் நின்று அந்நீரைப் பார்த்தபொழுது, என் நான்கு நாட்கள் நினைவுக்கு வந்தன.

இக்காலத்தில் நம் நாட்டில் ஊருணிகளையும் ஏரிகளையும் தூர்வாரும் நற்பணியில் மாணவர் பலர் ஈடுபடுவது கண்டு மகிழ்கின்றேன். மண்ணள்ளும் பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டமையால், யான் நான்கு நாளில் செய்த தவற்றை இன்று ஒரே பகலில் செய்துவிடலாம். ஆதலின் சில சொல்ல விரும்புகின்றேன். கரை எம்மண்ணாலாயது என்பதை முதலில் அறியவேண்டும். களிமண்ணாயின் நீரைச் சிறிது சிறிதாக இறக்கி, இடையிடையே நிறுத்திக் கரை வடிவதற்கு அவகாசம் தரவேண்டும். இத்தனை நாளுக்கு இத்தனையடி என்று எல்லாக் கரைக்கும் பொதுவான கணக்கு ஒன்றில்லை. கரையினுள் துளைக்குழாய் இறக்கி உள்நீர் மட்டத்தைப் பார்த்தலே தக்க வழி. வெளிநீரோடு உள்நீரும் இறங்கினால் மேலே செல்லலாம், பின்தங்கினால் நிற்கவேண்டும். கரையின் அடியை விட்டு விலகி வெட்டவேண்டும். வெட்டிய மண்ணைக் கரையின் தலையில் ஏற்றலாகாது. உச்சியில் ஒரு கோடளவு வெடிப்புக் கண்டாலும் கீழே உள்ளவர்களை முதலில் மேலேற்றவேண்டும். காரணம் ஆராய்வது அதற்குப் பின்னர். மீண்டும் நிரப்பும்பொழுதும் விரைவு கூடாது. உலர்ந்த கரையில் வெடிப்புக்கள் இருக்கும். அவற்றின் வழியே நீர் ஓடத் தொடங்கினால், மண்ணை அரித்துக் கரையையே துளைத்துவிடும்.

எங்கள் ஊருணிக் கரையை 1978-ஆம் ஆண்டு கோடையில் மறுபடியும் கட்டினோம். இம்முறை பெரியவரே எனக்கு மேற்பார்வையாளர். வைகாசியில் எஞ்சிய நீர் தானே வற்றும் வரையில் காத்திருந்தோம். சரிந்த சேற்றை முழுதும் நீக்கி, பழைய கரையைப் படிப்படியாகச் செதுக்கி, புதுமண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி ஈரம் பார்த்து இறுக்கினோம். உட்சரிவை முன்னிலும் தாழ்வாக, ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலமாகச் சாய்த்து, சரளை பரப்பிக் கல் பதித்தோம். வேலை முடிந்தபொழுது யான் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "கரை எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லும், தம்பி. எனக்கு என் பதினெட்டாம் வயதிலே சொன்னது" என்றார். தமக்கு நேர்ந்தது இன்னதென்று அவர் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை.

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. கரை இன்றும் நிற்கின்றது. அவ்வாண்டுக் கார்த்திகையில் ஊருணி நிறைந்தபொழுது என் அத்தை முதற்குடத்து நீரை எடுத்து, ஒரு செம்பை அவர் கையிலும் ஒரு செம்பை என் கையிலும் கொடுத்தாள். அன்றுதான் அந்நீரின் சுவையை யான் மீண்டும் அறிந்தேன். இளைஞர்களே, உங்கள் கையில் இயந்திரமும் கல்வியும் இருக்கும்பொழுது, வெறுங்கையோடு வந்து ஒருவர் "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்வாரானால், எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை மூடிவைத்துவிட்டு எழுந்து சென்று பாருங்கள். யான் சொல்லவந்தது இவ்வளவே.